முதல் ஒரு மணி நேரம் பையைத் திறக்காதீர்கள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முதல்தடவை 11 மணி நேரப் பயணம் போனபோது, புதிதாக வாங்கிய 9 விளையாட்டுச் சாமான்களை ஒரே பையில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பதும் வெளியே வந்து, ஒன்பதும் சலித்து, அதில் இரண்டு உருண்டு சீட்டுக்கு அடியிலேயே போய்விட்டன. மிச்ச நேரம் முழுக்க நான்தான் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான்.

சாமான் குறைவில்லை, அவசரப்பட்டு எல்லாவற்றையும் இறக்கியதுதான் தப்பு. ஏறிய புதிதில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தேவைப்படாது. ஜன்னல் இருக்கிறது, மடக்கு மேசை இருக்கிறது, பெல்ட்டைப் போட்டுக் கழற்றிப் பார்க்கலாம். அந்த வேடிக்கை தானாகத் தீரட்டும். சிணுங்கல் ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு சாமானை எடுங்கள். அது சலித்ததும் பைக்குள் போட்டு மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து அதே பழைய சாமானை நீட்டினால் புதுசுபோல வாங்கிக்கொள்வார்கள்.

நான் இப்போது பொம்மைகளே அதிகம் எடுப்பதில்லை. மாஸ்கிங் டேப் ஒரு சுருள், அலுமினியத் தாள் கொஞ்சம், ஸ்டிக்கர், கலர் பென்சில். மேசையில் டேப்பை ஒட்டினால் ரோடு. குறுக்கே இன்னொன்று ஒட்டினால் சிக்னல். சின்னவனுக்கு அதை ஒட்டுவதைவிட உரிப்பதில்தான் ருசி. நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, நுனி கிளம்பியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுப்பான். அறுந்துவிட்டால் முதலிலிருந்து. ஒருமுறை ஒரு சாண் டேப்பை வைத்துக்கொண்டு 25 நிமிடம் ஓட்டினான், நான் கடிகாரம் பார்த்தேன். அலுமினியத் தாளைக் கசக்கினால் பாம்பு, கிரீடம், பந்து. பிரித்து மறுபடி கசக்கலாம்.

ஸ்டிக்கரில் ஒரு சூட்சுமம். படங்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதியை வீட்டிலேயே உரித்து எடுத்துவிடுங்கள். படங்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும், சின்ன விரல்களே எடுத்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் 'அம்மா, எடுத்துக் குடு'தான். வண்ணம் தீட்ட மெழுகு க்ரேயான் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் உருகிவிடும். முக்கோண வடிவக் கலர் பென்சில் நல்லது, உருளாது.

காரிலோ பஸ்ஸிலோ போகும்போது படம் வரைவது, புத்தகம் பார்ப்பது எல்லாம் அளவோடு. கண் அசையாத தாளைப் பார்க்கும், உள்காது 'நாம் நகர்கிறோம்' என்று சொல்லும். இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. முகம் வெளுத்து, கொட்டாவியாக விட்டால் உடனே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது காதால் கேட்கும் கதைதான் கை கொடுக்கும். மாற்றுத்துணியும் ஒரு பாலிதீன் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் வைத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தின்பண்டமும் விளையாட்டுதான். சின்னச் சின்ன அறைகள் உள்ள டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்தால், எதை முதலில் தின்பது என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். ஆனால் 4 வயதுக்குக் கீழே என்றால் முழுத் திராட்சை, கடலை, கெட்டி மிட்டாய் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விமானத்தில் என்றால் குடிக்க ஏதாவது ஒன்றைக் கடைசிக்கு மிச்சம் வையுங்கள். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே காது அடைக்க ஆரம்பிக்கும், விழுங்க விழுங்கத்தான் திறக்கும்.

'எப்ப வரும்?' என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்லிப் பயனில்லை. அரை மணிக்கு ஒன்று என்று காகித வளையங்களைக் கோத்து ஒரு சங்கிலி செய்துகொள்வேன். அரை மணி ஆனதும் ஒன்றைக் கிழிக்கலாம். யார் கிழிப்பது என்ற சண்டை வரும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் இடங்களில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள். அங்கே ஓடட்டும், குதிக்கட்டும், தரையில் ஒரே நிறக் கல்லாக மிதித்து நடக்கட்டும். காரில் போனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கிவிடுங்கள்.

போன் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானும் கொடுக்கிறேன். ஆனால் அதைக் கடைசிக்கு வைத்திருப்பேன். ஒருமுறை போனைக் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் டேப்பும் தாளும் செல்லாது. முந்தின நாள் ராத்திரியே இணையத்தை அணைத்துவிட்டு, பதிவிறக்கிய படம் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது 'இன்னும் 5 நிமிஷம்' என்பதைவிட 'இந்தக் கதை முடிஞ்சதும்' என்றால் அழுகை குறைவு.

பாதிச் சாமானைத் தனி உறையில் போட்டு ஒட்டி, உடுப்புப் பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். திரும்பி வரவும் அதே 11 மணி நேரம் இருக்கிறது.