சோஃபாவில் ஒரு கல்லீரல்: அறுவைப் பயிற்சி சிமுலேட்டர் கட்டும் முறை

முதல் முயற்சியிலேயே முழு அறுவை சிகிச்சையைத் தொடாதீர்கள். கருவியால் கல்லீரலைத் தள்ளி விலக்குவது போதும். மருத்துவப் படத்திலிருந்து உறுப்பைப் பிரிக்கும் 3டி ஸ்லைசர், உறுப்பைச் சிறு துண்டுகளின் வலையாக (மெஷ்) மாற்றும் ஜிமெஷ், அந்த உறுப்பை அசையவும் அமுங்கவும் வைக்கும் சோஃபா மூன்றுமே திறந்த மூல மென்பொருள்கள். இவற்றைக் கொண்டே முடிக்கலாம்.

நோயாளி விவரம் நீக்கிய சிடி படங்களை ஸ்லைசரில் திறந்து, செக்மென்ட் எடிட்டரில் த்ரெஷோல்டு (அடர்த்தி வரம்பு) வைத்துக் கல்லீரலைப் பிரியுங்கள். விலாவோரத் தசையின் அடர்த்தியும் ஏறத்தாழ அதேதான் என்பதால் அங்கே வண்ணம் கசியும். கையால் அழிக்கத்தான் வேண்டும். மேற்பரப்பை முக்கோணங்களாகச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பாக எடுத்து 5,000 முக்கோணங்களுக்குக் குறையுங்கள். உறுப்பு இடம்வலமும் முன்பின்னும் மாறி நின்றால், ஆர்ஏஎஸ் (வலம்-முன்-மேல்), எல்பிஎஸ் (இடம்-பின்-மேல்) அச்சு முறைகள் கலந்துவிட்டன என்று பொருள்.

ஜிமெஷில் உள்ளே நான்முகிகளை (நான்கு முக்கோண முகமுள்ள சிறு துண்டுகளை) நிரப்புங்கள். மேற்பரப்பில் ஓட்டை இருந்தால் நிரப்பாது. சாதாரணக் கணினிக்குச் சில ஆயிரம் முனைகள் போதும். தட்டையாக நசுங்கிய நான்முகி ஒன்றிரண்டு இருந்தாலே உறுப்பு வெடித்துச் சிதறலாம். மெஷ் ஆப்டிமைசேஷனைத் தவறாமல் ஓட்டுங்கள்.

அடுத்தது அலகுகள். பாதிப் பிரச்சினை இங்கேதான். சோஃபாவுக்கு அலகு தெரியாது, எண் மட்டுமே தெரியும். மில்லிமீட்டர், கிலோகிராம், நொடி என்று வைத்தால் ஈர்ப்பு −9810, யங் மாடுலஸ் (பொருளின் விறைப்பு) கிலோபாஸ்கலில். 3 கிலோபாஸ்கல் என்றால் 3 என்றே எழுத வேண்டும்; பழக்கத்தில் 3000 போட்டால் கல்லீரல் கல்லாகிவிடும். பாய்சான் விகிதம் (அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) 0.45 போதும். 0.5-ஐ நெருங்கினால் நேரியல் நான்முகிகள் இறுகி, செயற்கையாக விறைக்கும்.

இயக்கத்துக்கு நான்முகி மெஷ், மோதலுக்குக் குறைந்த முக்கோணங்கள் கொண்ட மெஷ், கண்ணுக்கு நுண்மெஷ் என மூன்றடுக்கு. பின்னிரண்டையும் பேரிசென்ட்ரிக் மேப்பிங்கால் முதலாவதோடு இணையுங்கள்; அது அசையும்போது இவையும் கூடவே அசையும். பின்பக்க முனைகள் சிலவற்றை நிலைநிறுத்தாவிட்டால் உறுப்பு கீழே விழுந்துகொண்டே இருக்கும். உருமாற்றத்தைக் கணக்கிடும் எஃப்இஎம் (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) அமைப்பில் 'லார்ஜ்', காலப்படி 0.02 நொடி. அலாரம் தூரம் (கருவி இவ்வளவு நெருங்கினால் மோதலைக் கவனிக்கத் தொடங்கும் எல்லை) 3 மில்லிமீட்டர் என்றால், நொடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் வரும் கருவி ஒரே படியில் 4 மில்லிமீட்டர் நகர்ந்து உள்ளே புகுந்துவிடலாம். தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது படியைக் குறையுங்கள்.

தொடுவிசையைக் கைக்கு உணர்த்தும் ஹேப்டிக் கருவிக்கு நொடிக்கு 1,000 முறை விசை தேவை; சிமுலேஷன் தருவதோ 50. நேரடியாக இணைத்தால் கை அதிரும். சோஃபாவின் ஃப்ரீமோஷன் லூப்போடு, கைக்கு விசை அனுப்பும் எல்சிபி ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைத் தனி இழையில் (த்ரெட்) ஓட்டி, விசைக் குணகத்தை (அந்த விசையைப் பெருக்கும் எண்ணை) மிகச் சிறியதாகத் தொடங்குங்கள்.

அறுவை மருத்துவர் "ரொம்பக் கெட்டி" என்றால் உடனே மாடுலஸைத் தொடாதீர்கள். திரையில் உறுப்பு சரியாக அமுங்குகிறதென்றால் குறைக்க வேண்டியது விசைக் குணகம். அமுங்கவே இல்லையென்றால்தான் மாடுலஸ்.