டார்ச் லைட் எரியவில்லையா? செல்லை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

எங்கள் சித்தப்பா இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். பல நாள் அது நள்ளிரவாக இருக்கும், வரப்பில் பாம்பு கிடக்கும். டார்ச் லைட் இல்லாமல் அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. போன மழைக்காலத்தில் அந்த டார்ச் மினுக் மினுக்கென்று எரிந்து அணைய ஆரம்பித்தது. கடையில் "செல் போச்சு" என்றார்கள். புதுச் செல் போட்டார். பத்து நாளில் மறுபடியும் அதே தொல்லை, மறுபடியும் ஒரு செல். நான் ஊருக்குப் போனபோது கழற்றிப் பார்த்தேன். எல்லாச் செல்லும் நன்றாகத்தான் இருந்தன. பின்மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கின் அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சுத்தம் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மின்சாரம் செல்லிலிருந்து கிளம்பி, பல்பு வழியாகப் போய், உடம்பு வழியாகத் திரும்பி, சுவிட்சைத் தாண்டிச் செல்லின் அடிக்கே வந்து சேருகிறது. அந்தப் பாதையில் எங்கே தடை என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் காசைச் செலவழிக்க வேண்டும். நான் சொல்வது 18650 என்ற சார்ஜ் ஏற்றும் செல் ஒன்று போடும் அலுமினிய டார்ச்சுக்கு. தலையில் மாட்டும் ஹெட்லைட், சிறிய மின்விசிறி போன்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தேவையானவை: சாதாரண மல்டிமீட்டர், நைசான உப்புத்தாள், பென்சில் அழிக்கும் ரப்பர், பஞ்சுக்குச்சி, ஒரு சாண் நீளத்தில் இரண்டு ஒயர்.

தொடும் முன்: செல்லைக் கண்ணால் பாருங்கள்

18650 என்ற எண் அளவைச் சொல்கிறது: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். உள்ளே லித்தியம் அயன். மேலே இருக்கும் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். மற்ற உடம்பு முழுவதும், குமிழைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட, நெகட்டிவ். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சிறு வளையமும்தான். உறை கிழிந்த செல்லை உலோகக் குழாய்க்குள் போட்டால் ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. இப்படி ஷார்ட் ஆகும் செல் கணநேரத்தில் பல பத்து ஆம்பியர் கொட்டிவிடும். உதிரிச் செல்லைச் சாவிக்கொத்தோடு சட்டைப் பையில் போடாதீர்கள். வெளிநாடுகளில் இ-சிகரெட்டுக்கு வாங்கிய உதிரிச் செல்லை அப்படிப் போட்டுத் தொடை வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

உறை கிழிசல் மட்டும் என்றால் அதே அளவில் சுருங்கும் உறை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். நசுங்கியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, இனிப்பான பெயின்ட் வாடை அடித்தாலோ அதற்குமேல் ஆராய வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். கையில் இருக்கும்போதே சூடேறினாலோ உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ வெட்டவெளியில் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

படி 1: செல்லை அளங்கள்

மீட்டரின் திருகை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு ஒயர் காம் (COM) என்று எழுதிய துளையில், சிவப்பு ஒயர் வோல்ட் (V) துளையில் இருக்கட்டும். சிவப்பு முனையைக் குமிழிலும் கறுப்பு முனையை அடியிலும் வையுங்கள்.

4.2 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 3.6, 3.7 என்றால் பாதியைத் தொட்டுவிட்டது. 3-க்குக் கீழே என்றால் காலி, சார்ஜ் போட வேண்டும். 2-க்கும் கீழே இறங்கிப் பல நாள் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயலாதீர்கள். அவ்வளவு தாழும்போது உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

மீட்டர் அப்பட்டமாக 0 காட்டினால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். சில செல்களின் அடியில் சின்னப் பாதுகாப்புப் போர்டு இருக்கும், அவை வழக்கத்தைவிடச் சில மி.மீ. நீளமாகத் தெரியும். அளவுக்கு மீறிக் காலியானால் அந்தப் போர்டு இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து மறுபடி அளங்கள். 2.5-க்கு மேல் காட்டினால் தொடர்ந்து சார்ஜ் செய்யலாம்.

படி 2: தொடுமிடங்கள்

செல் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் பத்துக்கு ஏழு தடவை குறை இங்கேதான் என்பது என் அனுபவம். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கின் முனை, ஸ்பிரிங் போர்டில் உட்காரும் இடம், தலைப்பக்கம் செல்லின் குமிழ் முட்டும் பொட்டு, மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்திருந்தால் ரப்பரால் தேயுங்கள். களிம்பு இருந்தால் உப்புத்தாளால் மெல்லச் சுரண்டிவிட்டு, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் தூளைத் துடைத்தெடுங்கள். ஸ்பிரிங் அமுங்கிப்போயிருந்தால் லேசாக இழுத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இந்த வகை டார்ச்சில் அலுமினிய உடம்பே ஒயர். கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இருக்கும் மேற்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. குழாயின் அடிவிளிம்பில் மட்டும் பளபளவென்று பூச்சில்லாத அலுமினியம் தெரியும். பின்மூடி தொடர்பு கொள்வது அந்த விளிம்போடுதான். அங்கே அழுக்கோ எண்ணெயோ சேர்ந்தால் விளக்கு மினுங்கும், ஒரு தட்டுத் தட்டினால் எரியும். மூடியின் திருகுமரையில் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது எங்கள் ஊரில் சகஜம். மூடி சுலபமாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் எண்ணெய் விளிம்பில் இறங்கி மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விளிம்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூடியை இறுக்கித் திருகுங்கள். பலருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

படி 3: சுவிட்சா, தலையா?

இன்னும் எரியவில்லையா? செல்லைப் போடுங்கள், பின்மூடி போட வேண்டாம். ஒயரின் ஒரு முனையைச் செல்லின் அடியிலும் மறுமுனையைக் குழாயின் பளபள விளிம்பிலும் வையுங்கள். சுவிட்சின் வேலையை இப்போது ஒயர் செய்கிறது. பின்பக்கம் சுவிட்ச் உள்ள டார்ச்சுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை.

விளக்கு எரிந்தால் பின்மூடிதான் குறை. மீட்டரைப் பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்து, ஒரு முனையை ஸ்பிரிங்கிலும் மறுமுனையை மூடியின் உட்பக்க உலோகத்திலும் வைத்துச் சுவிட்சை அழுத்துங்கள். ஒரு அழுத்தில் ஒலி வந்து மறு அழுத்தில் நிற்க வேண்டும். ஒலியே வராவிட்டாலும், விட்டுவிட்டு வந்தாலும் சுவிட்சை மாற்றுங்கள். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

விளக்கு எரிந்தும் மங்கலாக இருந்தால், அப்படியே எரியவிட்டுச் செல்லின் வோல்ட்டை அளங்கள். குழாய்க்குள் குமிழ் எட்டாது என்பதால், இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, செல்லை வெளியே எடுத்து இரண்டு ஒயர்களால் தலையோடு இணைப்பது நல்லது. சும்மா இருக்கும்போது 4.1 காட்டிய செல், எரியும்போது 3.4-க்குச் சரிந்தால் அது கிழடாகிவிட்டது. இப்போது மாற்றலாம், ஏனென்றால் அளந்துவிட்டோம்.

எரியவே இல்லை என்றால் தலைப்பக்கம் குறை. கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்து எல்.இ.டி.யைப் பாருங்கள். மஞ்சள் பொட்டில் கரும்புள்ளி விழுந்திருந்தால் அது கருகிவிட்டது. புள்ளி இல்லாவிட்டால் கீழே விழுந்த அதிர்ச்சியில் ஒயர் விட்டிருக்கலாம், ஈயப்பற்று வைத்தால் போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: பற்று வைக்கும்போது செல் உள்ளே இருக்கக் கூடாது. செல்லின் மேலேயே நேராக ஈயம் வைக்கவும் கூடாது, சூடு அதைக் கெடுத்துவிடும்.

படி 4: சார்ஜ் ஏறவில்லை என்றால்

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டைப்-சி துளை உள்ள மலிவான டார்ச்சுகள் பல, இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் ஏறாது. அந்தக் கேபிள் செருகும் டைப்-சி சார்ஜர், எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் விடும். செலவைக் குறைக்க அந்த மின்தடையை வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒருபுறம் பழைய அகலமான யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளைப் போட்டால் ஏறிவிடும். "சார்ஜ் போர்டு அவுட்" என்று குப்பைக்குப் போன எத்தனையோ டார்ச்சுகளுக்கு இவ்வளவுதான் குறை.

அடுத்து, துளைக்குள் பஞ்சும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம்.

சார்ஜ் விளக்கின் நிறமும் சேதி சொல்லும். இவற்றில் பரவலாக இருப்பது டி.பி.4056 என்ற சிப். ஏறும்போது சிவப்பு, 4.2 வோல்ட்டில் நிறைந்ததும் பச்சை அல்லது நீலம். காலியான செல்லைப் போட்டு, கேபிள் செருகிய உடனே பச்சை எரிந்தால் செல் சார்ஜருக்கு எட்டவே இல்லை என்று அர்த்தம். படி 2-க்குத் திரும்பிப் போய்த் தொடுமிடங்களைப் பாருங்கள். எந்த விளக்கும் எரியாவிட்டால் துளையே போர்டிலிருந்து பெயர்ந்திருக்கலாம்.

மீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆம்பியர் அளக்கச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினால், வேலை முடிந்ததும் உடனே பழைய துளைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மறந்துபோய் அப்படியே செல்லின் இரு முனையிலும் வைத்தால் மீட்டரே ஷார்ட் ஒயர் ஆகிவிடும். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பியூஸ்கூடக் கிடையாது.

புதுச் செல் வாங்குவதானால்

உறையில் 9800 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்து விற்கிறார்கள். நம்பாதீர்கள். பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் 18650 செல்லே சுமார் 3500 வரைதான் கொடுக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள்: நல்ல செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். வாங்கியதும் முழுச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் அளங்கள். 4.15-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 4-க்குக் கீழே இறங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பழையதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம், குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்க இது ஒன்று போதும். இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதனால் வாங்கிய கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவின் டார்ச் இப்போது பழைய செல்லிலேயே எரிகிறது. மாதம் ஒருமுறை விளிம்பைத் துடைக்கச் சொல்லி, மூடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பெயின்ட்டால் அம்புக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.