க்ரூஸருக்குப் பல் கூட்டும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் மட்டும் எனக்குத் தெரிந்த இரண்டு தம்பிகள் தங்கள் வண்டியின் முன் ஸ்பிராக்கெட்டை, அதாவது எஞ்சின் பக்கம் செயினை ஓட்டும் பல் சக்கரத்தை, கூடுதல் பல் உள்ளதாக மாற்றிவிட்டு வந்தார்கள். ஹைவேயில் எஞ்சின் கத்தக்கூடாது, நிதானமாகப் போகணும் என்பதுதான் இருவருக்கும் ஆசை. அதில் ஒருவன், "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்று சாவியைக் கொடுத்தான். மதுரை காளவாசல் பக்கம் சிக்னல் விழுந்து முதல் கியரில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது. நான் எட்டு வருடம் முன்னால் செய்த அதே தப்பு, அதே இரண்டு பல்.

நட்டைச் சரியாக முறுக்குங்கள், செயினுக்கு எண்ணெய் போடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். வண்டியில் கை வைத்த பிறகுதான் தெரியவரும் விஷயங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதிர்வைப் பல் மேல் போடுவது

"80-க்கு மேல் போனால் கை மரத்துப்போகுது, பல் கூட்டணும்" என்பார்கள். முதலில் எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மவுண்ட் போல்ட்டுகளைப் பாருங்கள். ஹேண்டில்பார் முனை எடைகள் இருக்கின்றனவா, டயர் காற்று சரியா, செயின் ஓர் இடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரு தம்பியின் வண்டியில் ஒரு மவுண்ட் போல்ட் கையாலேயே சுற்றியது. அதை இறுக்கியதோடு அவன் பிரச்சினை முடிந்தது.

டாப் கியரை மட்டும் பார்த்து இரண்டு பல் கூட்டுவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன், இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

என்னுடையது பஜாஜ் அவெஞ்சர் 220, க்ரூஸர் வகை. சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டி ஓட்ட அருமையான வண்டி, ஆனால் 90-ஐத் தொட்டால் எஞ்சின் உழைப்பது காதில் கேட்கும். நண்பர் ஒருவர் தன் 350 சிசி ராயல் என்ஃபீல்டில் ஒரு பல் கூட்டியிருந்தார், மதுரையிலிருந்து திருச்சி வரை அந்த வண்டி மூச்சே விடாமல் போனது போல இருந்தது. எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. கடையில் கேட்டேன். "ஒரு பல்லெல்லாம் தெரியவே தெரியாது, ரெண்டு போடுங்க" என்றார்கள். போட்டுவிட்டேன்.

கணக்கு எளிது. முன்னால் 15 பல், பின்னால் 38 பல் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வண்டியில் எண்ணிப் பாருங்கள், மாடலுக்கு மாடல் வேறு). 15-ஐ 16 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று (நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்பது) சுமார் 6 சதவீதம் குறையும், 17 ஆக்கினால் சுமார் 12 சதவீதம். 6,000 சுற்றில் ஓடிய எஞ்சின் ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 5,600-க்கும் இரண்டு பல்லுக்கு 5,300-க்கும் இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவையும் அதே 12 சதவீதம் குறைகிறது, அதுவும் டாப் கியரில் மட்டுமல்ல, முதல் கியரிலிருந்து ஐந்தாவது வரை எல்லாவற்றிலும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நண்பரின் வண்டியில் சரியாக வந்தது என் வண்டியில் ஏன் வரவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவருடைய பழைய யூசிஇ (ராயல் என்ஃபீல்டின் முந்தைய தலைமுறை) 350 எஞ்சினும் என் 220-ம் குதிரைத்திறனில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 20-ஐ ஒட்டி. ஆனால் அவருடைய எஞ்சின் 28 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்றும் விசையை) 4,000 சுற்றிலேயே கொடுத்துவிடும், கூடவே சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரம். என்னுடையது கொடுப்பது 17.5, அதுவும் 7,000 சுற்றில். அதாவது அவருடைய எஞ்சின் கீழே இருக்கும்போதுதான் பலமாக இருக்கிறது, என்னுடையது மேலே ஏறினால்தான் பலம். சுற்றைக் குறைப்பது அவருக்கு நல்லது, எனக்கு அது எஞ்சினின் பலத்திலிருந்து விலகிப் போவது. இரண்டு வண்டியையும் 'க்ரூஸர்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் ஒரே வைத்தியம் என்று நினைத்துவிட்டேன்.

முதல் வாரம் காலியான நான்குவழிச் சாலையில் தனியாக ஓட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆடி மாதம் நாகர்கோவில் போனேன். திருநெல்வேலி தாண்டி, வள்ளியூர் தாண்டி, காவல்கிணற்றில் ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பியதும் காற்று நேராக நெஞ்சில் வந்து அறைந்தது. அந்தக் கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 80-ல் போகும் வண்டிக்கு அது 100-ல் போவது மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் வேகம் 70-க்கு இறங்கியது, 65-க்கு இறங்கியது. நாலாவதுக்கு மாற்றினேன். அங்கேயிருந்து நாகர்கோவில் வரை நாலாவதுதான்.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பெரும்பகுதியை அந்த இரண்டு பல் விழுங்கியிருந்தது. புதிய நாலாவது கிட்டத்தட்ட என் பழைய ஐந்தாவது. அதாவது காசு கொடுத்து, பயன்படுத்த முடியாத ஒரு கியரை மேலே வாங்கிக்கொண்டு, கீழே இருந்த நல்ல முதல் கியரை இழந்திருந்தேன்.

அந்த முதல் கியர்தான் செலவு வைத்தது. ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை எடுக்க ஹாஃப் கிளட்ச் கூடுதலாகப் பிடிக்கவேண்டியிருந்தது. இரண்டு விநாடிதான், தினமும் நாற்பது தடவை. பிறகு மனைவியோடு, இரண்டு பை கட்டிக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினேன். வளைவுகளில் முன்னால் பேருந்து நின்று நின்று போக, முதல் கியரிலும் வண்டி திணற, கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏற்றினேன். பாதி மலையில் கருகிய வாடை. இறங்கும்போது இன்னொரு பாடம்: எஞ்சின் பிரேக்கிங்கும் அதே அளவு குறைந்திருந்தது, இரண்டாவது கியரில் விட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் கிளட்ச் பிளேட் மொத்தமும் மாற்றினேன். ஸ்பிராக்கெட்டுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு.

இதைவிட மோசமானது எஞ்சினைத் திணற விட்டே ஓட்டுவது. குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்தால் சூடு ஏறும், நாக்கிங் (உள்ளே டக்டக் என்று தட்டும் சத்தம்) வரும், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் பேரிங் அடி வாங்கும். சத்தம் கம்மியாக இருப்பதால் எஞ்சின் நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். என் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர்கூடக் கிடையாது, எல்லாம் காதும் உள்ளங்கையும்தான்.

அதனால் பல் வாங்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். இப்போது இருக்கும் கியரிங்கிலேயே, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், வழக்கமான சுமையோடு, டாப் கியரில் ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டர் பாதித் திருகலுக்குள் இருந்தால், லேசான மேம்பாலத்தை கியர் குறைக்காமல் ஏறினால், ஒரு பல்லுக்கு இடம் இருக்கிறது. ஏற்கெனவே முக்கால் திருகலில்தான் போகிறது என்றால் உங்கள் எஞ்சினிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 90-லிருந்து 80-க்கு வந்தாலே காற்றைக் கிழிக்கத் தேவையான பலம் சுமார் 30 சதவீதம் குறைகிறது. இதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

கூட்டினால் ஒன்று. 200 சிசி பக்கத்தில் இருக்கும் ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு இரண்டு கூடவே கூடாது.

டாப் ஸ்பீடு கூடும் என்று நம்புவது

வேகம் ஏறாது, பெரும்பாலும் குறையும்.

பழைய செயினில் புதுப் பல்

நீண்டுபோன செயின் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் செயினை விரலால் இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது. அப்போது முன், பின், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். செயின் நல்லதாக இருந்தால் முன் பல்லை மட்டும் மாற்றலாம், தவறில்லை.

நீளத்தைப் பார்க்காமல் மாட்டுவது

முன்னால் ஒரு பல் கூடினால் பின் அச்சு சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் முன்னால் வரவேண்டும். செயின் புதிது என்றால் அட்ஜஸ்டர் ஏற்கெனவே முன்கோடியில் இருக்கும், நகர்த்த இடம் இருக்காது. இடம் இல்லாமல் செயினை இறுக்கமாக மாட்டி அனுப்பிய வண்டியைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கில் விழும். ஆள் உட்கார்ந்த நிலையிலும் செயினில் தொய்வு இருக்கவேண்டும். ஸ்பிராக்கெட் கவரை மூடும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் கேஸில் எங்கேயும் உரசவில்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னாலும் கூட்டி பின்னாலும் குறைப்பது

முன்னால் ஒரு பல் என்பது பின்னால் இரண்டரைப் பல்லுக்குச் சமம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மேலே சொன்ன கதைதான்.

லாக் பிளேட்டை மறுபடி பயன்படுத்துவது

முன் ஸ்பிராக்கெட் கழன்றுவிடாமல் பிடிக்கும் தகடு இது. புதிது போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் கவரைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

ஸ்பீடோமீட்டரை நம்புவது

முன் சக்கரத்திலிருந்து கேபிளோ சென்சாரோ வந்தால் ஒன்றும் மாறாது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் பல் கூட்டியதும் மீட்டர் குறைத்துக் காட்டும், 80 என்று காட்டும்போது நீங்கள் 85-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். போன் ஜிபிஎஸ்ஸை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பழைய ஸ்பிராக்கெட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது

கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒரு பல் கூடுதலாக ஓட்டுகிறேன். கம்பெனி ஸ்பிராக்கெட் கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றி, டூல் பெட்டியில் இருக்கிறது. கொடைக்கானல் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து மாற்றிவிடுவேன், அரைமணி நேர வேலை. அந்தத் தம்பிக்கும் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்தேன். அவனுடைய கம்பெனிப் பல் கடையிலேயே போய்விட்டதாம், தேடிக்கொண்டிருக்கிறான்.