பெருவாத்தும் சிவப்புக் கையும்: நாலு வயதுப் பிள்ளைக்குத் தாங் காலக் கவிதை சொல்லித்தரும் முறை

நாங்கள் இருப்பது சீனாவின் செச்சியாங் மாகாணத்தில் உள்ள யிவூவில். மொத்தச் சந்தைக்குப் பேர்போன ஊர். மகளை இங்கேயே பாலர் பள்ளியில் சேர்த்தோம். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு வந்து தாங் அரசமரபுக் காலத்துப் பழங்கவிதை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். கடகடவென்று சொல்வாள். "இதுல என்ன சொல்லுது கண்ணு?" என்று கேட்டால் திரும்பவும் முதல் வரியிலிருந்து அதையே சொல்வாள். மூன்றாவது வாரம், "வேண்டாம்மா" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் நானே வேறு வழியில் சொல்லித்தர ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் ஏழு கவிதை முடித்திருக்கிறோம். ஏழும் அவளுக்குப் பிடித்தவை. கற்றுக்கொண்டது இதுதான்: இந்தக் கவிதைகள் ஒவ்வொன்றிலும் பிள்ளை கை வைக்க ஓர் இடம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை நாம் முதலில் கண்டுபிடித்துவிட்டால் மற்ற சொற்கள் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

பின்யின் (சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) வாசிக்கவும், சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் நாலு சுரங்களைப் பிரித்துக் கேட்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் கவிதை எது?

பெருவாத்துக் கவிதைதான். வேறு எதிலும் தொடங்காதீர்கள். லுவோ பின்வாங் ஏழு வயதில் எழுதியதாகச் சொல்வார்கள். 7ஆம் நூற்றாண்டுக்காரர், பிறந்தது இதே யிவூ. பிற்காலத்தில், 684இல், பேரரசி வூ செதியனை எதிர்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். ஆனால் சீனப் பிள்ளைகளுக்கு அவர் என்றைக்கும் பெருவாத்து அண்ணன். மொத்தம் 18 எழுத்து. தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

அ, அ, அ
ச்சியூ ஷியாங் ஷியாங் தியன் க
பை மாவ் ஃபூ லியூ ஷுயி
ஹோங் ஜாங் போ ச்சிங் போ

பொருள்: பெருவாத்தே, பெருவாத்தே, பெருவாத்தே! வளைந்த கழுத்தோடு வானம் பார்த்துப் பாடுகிறாய். வெள்ளை இறகு பச்சை நீரில் மிதக்கிறது. சிவந்த பாதம் தெளிந்த அலையைத் தள்ளுகிறது.

முதல் நாள்: பறவை மட்டும்

புத்தகத்தை எடுக்க வேண்டாம். பறவையைக் காட்டுங்கள். இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தமிழில் நாம் எல்லாவற்றையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். நானும் முதலில் வாத்துப் படத்தைத்தான் காட்டினேன். "கழுத்து எங்கம்மா வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். சரியான கேள்வி. கவிதையில் இருப்பது பெருவாத்து. நீண்ட வெள்ளைக் கழுத்து, அலகுக்கு மேலே நெற்றியில் ஒரு புடைப்பு. அது கழுத்தை நிமிர்த்திக் கத்துவதைப் பார்த்தால்தான் இரண்டாவது வரி புரியும். நேரில் காட்ட முடியாவிட்டால் ஒரு நிமிடக் காணொளி போதும், சத்தத்தோடு.

அப்புறம் ஆட்டம். வலது கையை முழங்கையில் மடித்து, மணிக்கட்டை வளைத்து, விரல்களைக் குவித்தால் கழுத்தும் அலகும் வந்துவிடும். என்னுடைய பழைய பச்சைப் பருத்திச் சேலையைத் தரையில் விரித்தேன். அதுதான் குளம். அதில் அவள் வயிறு பதியப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டே "அ, அ, அ" என்று போனாள். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள்: ஒலி

அந்த "அ" நம் அகரம் அல்ல. "அது" என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே ஓர் உகரம், அந்தக் குற்றியலுகரத்தைக் கொஞ்சம் வாய் திறந்து நீட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். சுரம் ஏறுசுரம், கேள்வி கேட்பதுபோல மேலே போகும். பெருவாத்தின் குரலும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

"பை" என்பதில் வரும் பகரம் கடைக்குக் கொண்டுபோகும் பையில் வருவதுதான். மூச்சை அழுத்தித் தள்ள வேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சுலபம். "லியூ"வுக்கு மட்டும் ஒரு வித்தை: ஈ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ஊ போலக் குவிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் சிரித்துச் சிரித்தே பழகிவிடுவார்கள்.

சுரத்தைக் கையால் காட்டுங்கள். முதல் சுரத்துக்குக் கை மட்டமாகப் போகும். இரண்டாவதுக்கு ஏறும், மூன்றாவதுக்குக் குழிந்து எழும், நான்காவதுக்கு வெட்டி இறங்கும். "பை மாவ் ஃபூ" மூன்றும் ஏறும், "லியூ" இறங்கும், "ஷுயி" என்கிற நீர் குழிந்து எழும். இந்த வரியைக் கையோடு சொன்னால் பறவை அலையில் ஏறி இறங்குவதுபோலவே இருக்கும்.

என்னைத் தடுக்கிவிட்ட வரி

இரண்டாவது வரியில்தான் நான் முழுதாக நாலு நாள் மாட்டிக்கொண்டேன். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

வரியின் முதல் எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு உண்டு. மூன்றாம் சுரத்தில் சொன்னால் பாட்டு, மெட்டு. முதல் சுரத்தில் சொன்னால் வளைந்தது. நான் அகராதியில் "பாட்டு" என்பதைப் பார்த்துவிட்டேன். வரியின் கடைசிச் சொல்லும் பாடுவதுதான் என்பதால் சந்தேகமே வரவில்லை. "பாட்டு, பாட்டு" என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளியில் ஒரு சுரம், வீட்டில் ஒரு சுரம். பிள்ளை குழம்பிப்போய் அந்த வரி வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் காப்பாற்றினார். மகள் அவரை நைநாய் என்று கூப்பிடுவாள், சீனத்தில் பாட்டி. மாடிப்படியில் நாங்கள் சொல்வதைக் கேட்டவர் நின்றார். கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தார். தன் கையை மடித்துக் காட்டி, மட்டமான சுரத்தில் "ச்சியூ" என்றார். வளைவு! வேறொன்றும் சொல்லவில்லை. மகள் உடனே தன் கையையும் மடித்தாள்.

இன்னொரு சிக்கல் அடுத்தடுத்து வரும் இரண்டு "ஷியாங்". ஒலியும் ஒன்று, சுரமும் ஒன்று, இரண்டும் இறங்குசுரம். பிள்ளை இதைத் திக்கல் என்று நினைத்து ஒன்றை விழுங்கிவிடும். பெரியவர்களும் விழுங்குவார்கள். எழுத்தில் பார்த்தால் இரண்டும் வேறு: முதலாவது கழுத்து, இரண்டாவது "நோக்கி". வழி இதுதான்: முதல் ஷியாங்குக்குக் கழுத்தைத் தொட வேண்டும், இரண்டாவதுக்கு விரலை மேலே நீட்ட வேண்டும். கை வளைவு, கழுத்து, விரல், வானம், பாட்டு. ஐந்து சொல்லுக்கும் ஐந்து அசைவு. பத்து தடவை செய்தாள், அப்புறம் மறக்கவே இல்லை.

கடைசி வரியில் இரண்டு "போ" வருகிறது. அதற்கும் இதே மருந்து. முதல் போ கையால் தள்ளுவது, இரண்டாவது போ அலை. சீன எழுத்திலேயே முதலாவதில் கைக்குறி இருக்கிறது, இரண்டாவதில் நீர்க்குறி.

படம்: வெள்ளைப் பறவையை வெள்ளைத் தாளில் எப்படி வரைவது?

மெழுகுவர்த்தியால். நல்ல கனமான ஓவியத்தாள் எடுங்கள். சீனாவில் இருந்தால் "சீனக் கவிதைக்குச் சீனத் தாள்தானே" என்று ஷுவான் தாளை வாங்கத் தோன்றும். வேண்டாம். பதப்படுத்தாத ஷுவான் தாள் நீரை இழுத்துக்கொண்டு பரவும், மெழுகால் அழுத்தினால் கிழியும். அருமையான தாள்தான், ஆனால் பழகிய கைக்கு உரியது.

வெள்ளை மெழுகுவர்த்தியால் பறவையை அழுத்தி வரையச் சொல்லுங்கள். எதுவும் தெரியாது, பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினால் மெழுகு மினுங்குவது தெரியும். பிறகு பச்சை நீர்வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, அகலத் தூரிகையால் ஒரே இழுப்பாகப் பூச வேண்டும். மெழுகு வண்ணத்தை ஏற்காது. பச்சைக்கு நடுவிலிருந்து வெள்ளைப் பறவை எழுந்து வரும். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் தானாகவே "பை மாவ் ஃபூ லியூ ஷுயி" என்றாள். அன்று நான் அந்த வரியைச் சொல்லவே இல்லை.

காய்ந்ததும் பாதம். இதுதான் இந்தக் கவிதையில் கை வைக்கும் இடம். "ஜாங்" என்றால் பெருவாத்தின் பாதம், மனிதரின் உள்ளங்கைக்கும் அதே சொல்தான். ஆக, பிள்ளையின் கையில் சிவப்புப் பூசி வயிற்றுக்குக் கீழே பதித்தால் அதுவே ஹோங் ஜாங். விரல்களைச் சேர்த்து வைத்துப் பதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பெருவாத்தின் விரல்களுக்கு நடுவில் சவ்வு இருக்கிறது. தண்ணீரில் கரையும் குழந்தைகள் வண்ணமாக இருக்கட்டும்.

எழுத்து: மைக்குப் பதில் தண்ணீர்

புட்டி மையை ஆறு வயதுக்கு முன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள். துணியில் பட்டால் போகாது. பட்டதும் நாம் முகம் சுளிப்போம், பிள்ளை தூரிகையையே வெறுத்துவிடும். நீரெழுத்துத் துணி என்று ஒன்று கிடைக்கிறது. வெறும் தண்ணீரில் தூரிகையை நனைத்து எழுதினால் கறுப்பாகத் தெரியும், காய்ந்ததும் மறையும். எத்தனை முறை தப்பாக எழுதினாலும் கவலையில்லை. இங்கே பூங்காக்களில் பெரியவர்கள் நீளக் கம்பில் பஞ்சு முனை வைத்துத் தரைக்கல்லில் தண்ணீரால் கவிதை எழுதுவார்கள். மகள் அவர்கள் பின்னாலேயே நடந்து, காய்வதற்குள் வாசிக்கப் பார்ப்பாள். அந்த ஆசையைத்தான் வீட்டில் துணியில் தொடர்கிறோம்.

தூரிகை ஆட்டுமுடியும் கடினமுடியும் கலந்ததாக, நடுத்தர அளவில் இருக்கட்டும். வெறும் ஆட்டுமுடி சின்னக் கைக்குத் துவண்டுபோகும். புதுத் தூரிகையைப் பசை கரையும்வரை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுங்கள்.

18 எழுத்தையும் எழுதவைக்க வேண்டாம். பெருவாத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று போதும். இடப்பக்கம் "நான்", வலப்பக்கம் "பறவை". "நான் பறவையா!" என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் தேடும் ஆட்டம்: இடப்பக்கம் மூன்று நீர்த்துளிக் குறி போட்ட எழுத்து எத்தனை என்று கவிதையில் தேட வேண்டும். மிதப்பது, தெளிந்தது, அலை என மூன்று இருக்கிறது.

இரண்டாவது கவிதை

மெங் ஹாவ்ரானின் வசந்த விடியல். 20 எழுத்து. வசந்தத் தூக்கத்தில் விடிந்தது தெரியவில்லை. எங்கும் பறவைக் குரல். இரவில் காற்று மழைச் சத்தம். பூக்கள் எத்தனை உதிர்ந்தனவோ.

பிள்ளையைப் போர்வைக்குள் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். எவர்சில்வர் தட்டில் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் மழை. மூடிய கண்ணுக்குத் தெரியாமல் காகித இதழ்களைச் சுற்றிலும் போட்டுவிடுங்கள். கண் திறந்ததும் கடைசி வரியைக் கேளுங்கள். எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கை வைக்கும் இடம் கடைசிச் சொல்லான "தூவோஷாவ்", எத்தனை. சந்தையில் "தூவோஷாவ் ச்சியன்", எவ்வளவு காசு, என்று நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் 1,200 வருடத்துக்கும் மேலான பழங்கவிதையில் இருப்பது பெரிய வியப்பு. "கடைக்காரங்க சொல்ற சொல்லு!" என்று அப்பாவிடம் ஓடினாள்.

பின்சேர்க்கை 1: மெழுகு சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வண்ணம் கெட்டியாகிவிட்டால் அப்படி ஆகும், இன்னும் தண்ணீர் விடுங்கள். அப்போதும் வராவிட்டால் மெழுகுவர்த்திக்குப் பதில் வெள்ளை எண்ணெய்ப் பேஸ்டல். நானும் செய்துபார்த்தேன், பிள்ளை அழுத்தும் அழுத்தத்துக்கு இதுவே மேல்.

பின்சேர்க்கை 2: மலேசியாவில் மகனைச் சீனப்பள்ளியில் சேர்த்திருக்கும் ஓர் அம்மா கேட்டது: கடைசி வரியில் வரும் "ச்சிங்" என்பதை அவன் நிறம் என்று நினைத்து அலைக்கு நீலப்பச்சை அடிக்கிறான். நியாயமான குழப்பம், அந்த ஒலியில் ஒரு நிறப்பெயரும் இருக்கிறது. இங்கே உள்ளது நீர்த்துளி போட்ட எழுத்து, பொருள் தெளிவு. இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வையுங்கள். ஒன்றில் பச்சையை ஒரு சொட்டு மட்டும் விட்டு, இன்னொன்றில் மண்ணைக் கலக்குங்கள். இரண்டுக்குள்ளும் விரலை விட்டு, எதில் விரல் தெரிகிறது என்று கேளுங்கள். பச்சையாகவும் இருக்கலாம், தெளிவாகவும் இருக்கலாம் என்பது அங்கேயே புரியும்.

பின்சேர்க்கை 3: லி பையின் நிலாக் கவிதையை எப்போது எடுப்பது என்று பலர் கேட்கிறீர்கள். மூன்றாவதாக எடுக்கலாம், ஆனால் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பாகத் தொடங்குங்கள். அதில் நிலவொளியைத் தரையில் படிந்த உறைபனியோ என்று நினைக்கிறார். உறைபனி பார்க்காத ஊர்ப் பிள்ளை என்றால் ஃப்ரீசர் சுவரில் படிந்திருக்கும் வெள்ளையை விரலால் சுரண்டவிடுங்கள். அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அதே விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.