அனிமேஷன் பழகும்போது விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் அனிமேஷன் பழக ஆசைப்படும் பெடியள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த சொஃப்ட்வெயர் நல்லது?" என்றுதான். முதல் பிழை அதுதான். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லையே என்று கவலைப்படவும் தேவையில்லை. 2025இல் ஒஸ்கார் வென்ற லாத்வியப் படமான 'ஃப்ளோ' பிளென்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பாவித்த டூன்ஸ் மென்பொருளின் வழிவந்த ஓபன்டூன்ஸ் 2016 முதல் இலவசம். கையால் வரைய கிரிட்டா போதும்.

உண்மையான சிக்கல் அசைவில் இருக்கிறது. 20 மீற்றர் பனையின் உச்சியில் இருந்து ஒரு பனம்பழம் விழுகிறது என்று வையுங்கள். கீழே வர ஏறத்தாழ இரண்டு செக்கன். செக்கனுக்கு 24 பிரேம் (அசையாத தனிப்படம்) என்றால், 48 பிரேம். புதிதாகப் பழகுகிறவர் அந்த 20 மீற்றரையும் 48 ஆல் சரிசமமாகப் பிரித்து வரைவார். பழம் லிஃப்டில் இறங்கிவருவது போல இருக்கும். உண்மையில் முதல் 24 பிரேமில் அது ஐந்து மீற்றர்தான் இறங்கும், மீதி 15 மீற்றரும் அடுத்த 24 பிரேமில். மேலே படங்கள் நெருக்கமாகவும் கீழே வர வர இடைவெளி கூடியும் இருக்க வேண்டும். விழுந்த பிறகு டெனிஸ் பந்தைப் போல துள்ள விட்டுவிடாதீர்கள். பனம்பழம் 'தொப்' என்று விழுந்து, கொஞ்சம் உருண்டு, நின்றுவிடும். இதைப் பழக கொப்பியின் மூலையும் ஒரு பென்சிலும் போதும்.

அப்புறம், பேராசை. நல்லூர்த் தேரை பத்து நிமிடப் படமாக எடுக்கப் போகிறேன் என்று தொடங்குவார்கள். செக்கனுக்கு 24 பிரேம் என்றால் 14,400 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 7,200 படம் வரைய வேண்டும், அதிலும் வடம் பிடிக்கிற சனம் முழுக்க! பெரிய ஸ்டூடியோக்களில் ஸ்டோரிபோர்ட், அசைவு, வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள். நீங்கள் ஒருவர். 20 செக்கன் போதும்.

பனங்காய் வண்டியை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக போனில் ஸ்டொப் மோஷன் எடுக்கிறவர்கள் போனின் தானியங்கி வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டாமல் விடுவார்கள். படம் மினுக்கு மினுக்கென்று வரும். யன்னலை மூடி, பல்ப் வெளிச்சத்தில் எடுங்கள், வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக ரென்டர், அதாவது செய்ததை கணினி முடிந்த படமாக ஆக்குவது. நேரே எம்பி4 வீடியோவாகப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். விடியப்புறம் கரண்ட் போனது, கோப்பும் திறக்கவில்லை, ஆறு மணித்தியாலம் வீண். இப்போது ஒவ்வொரு பிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகத்தான் எடுக்கிறேன். பிளென்டரில் 'ஓவர்ரைட்' என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், வந்த பிரேம்களை விட்டு மிச்சத்தில் இருந்து தொடரும். கரண்ட் போன நேரம் அரைகுறையாக எழுதிய கடைசிப் படத்தை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள்.