மாரியில் கிணற்றடிக்குச் செருப்போடு போங்கள்

வன்னியில் மாரி தொடங்கினால் கிணற்றடி வாழைகளுக்குக் கீழே மண் காயவே காயாது. மனிதக் குடலில் வாழும் கொக்கிப்புழுவுக்கு வேண்டியதும் அந்த நிழலும் ஈரமும்தான். வெளியில் கழித்த மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். 5 முதல் 10 நாளில் குடம்பி (முட்டையிலிருந்து வரும் இளம்புழு) தோலைத் துளைக்கத் தயார். கால்விரல் இடுக்கில் சின்னச் சொறி மட்டும் தெரியும். அப்புறம் இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நீளம் சுமார் 1 சென்ரிமீற்றர்தான், ஆனால் நாள்தோறும் இரத்தம் குடிக்கும். கை கழுவினால் மட்டும் போதாது, இது காலால் வருவது. பிள்ளை வெளிறிக் களைத்துத் திரிந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் காட்டிப் பூச்சிக் குளிசை கேளுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.