பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலையைப் பார்க்கும் முறை

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் செருப்பைக் கழற்றி வைத்ததும் முதலில் செய்யவேண்டியது, பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் நடுவில் நின்று தலையை நிமிர்த்துவதுதான். மச்சில் செதுக்கப்பட்டுள்ள 90 பூக்களில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. ஆனால் பூக்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அந்தப் பலகைகளைத் தாங்கும் உத்தரங்கள் எதன்மேல் அமர்கின்றன என்பதையும் கவனியுங்கள். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் மற்ற நாள்களில், கூட்டம் சேருமுன் காலையிலேயே செல்வது நல்லது.

மாடியிலுள்ள மந்திரசாலையில் (மன்னரின் ஆலோசனைக் கூடம்) சன்னல்களுக்கு அருகே சற்று நேரம் நில்லுங்கள். வண்ண மைக்கா பதித்த அச்சன்னல்கள் வெயிலின் கடுமையைத் தணித்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன. வெறுங்காலில் தரையின் குளிர்ச்சியும் தெரியும்.

அதிக நேரம் ஒதுக்கவேண்டிய இடம் தாய்க்கொட்டாரம். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டுகள் அமைந்த நாலுகெட்டு வீடு அது. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் எழுப்பியதாகக் கூறப்படும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு இன்றைய தோற்றத்தைப் பெரிதும் அளித்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர். எனினும் வளாகத்தில் மிகப் பழையது இந்த நாலுகெட்டே. (1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்.) நடுமுற்றத்தின் ஓரத்தில் நின்று, கூரையின் பாரம் இறங்கும் வழியைக் கண்ணால் தொடருங்கள்: ஓட்டின் எடை அதன் அடியிலுள்ள பட்டியல் என்ற மெல்லிய சட்டங்களுக்கும், அதிலிருந்து கழுக்கோல் என்ற சரிவான கூரைச் சட்டத்துக்கும், கழுக்கோலிலிருந்து உத்தரத்துக்கும், பிறகு தூணுக்கும் சுவருக்குமாக இறங்குகிறது. இவ்வகைக் கூரைகளில் கழுக்கோல்களின் பக்கவாட்டில் துளையிட்டு, ஒரே சட்டத்தை எல்லாவற்றினூடேயும் ஊசியில் நூல் கோப்பதுபோல் செலுத்தி, மர ஆணியால் இறுக்கியிருப்பார்கள். ஒரு கழுக்கோல் தனியாக அசைய முடியாது என்பதே அதன் பயன். துளை ஒரு விரல் தவறினாலும் சட்டம் நுழையாது என்பதை நினைத்தால் ஆசாரியின் கணக்கு விளங்கும்.

தாய்க்கொட்டாரத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூணைத் தவறவிடாதீர்கள். மூலிகை மரங்களால் செய்த கட்டிலுக்கு முன் நிற்கும் கூட்டத்தில் பாதிகூட இங்கே நிற்பதில்லை. என் கணிப்பில், அரண்மனையிலேயே சிறந்த தச்சுவேலை இதுதான். பூவேலையை நேராகப் பார்ப்பதைவிட, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஓரமாக நின்று பார்த்தால் உளியின் ஆழம் துலங்கும். தொட்டுப் பார்க்கக் கை துடிக்கும். தொடவேண்டாம், வியர்வை மரத்துக்கு ஆகாது.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் கூரை செங்குத்தாகவும் இறவாரம் நீண்டும் இருக்கின்றன. மழை நாளில் சென்றால், ஓட்டுநீர் மரத்திலும் சுவரிலும் படாமல் எட்ட விழுவதை நேரிலேயே காணலாம்.

கடைசியாக நவராத்திரி மண்டபத்துக்குச் செல்லுங்கள். அது முழுக்கக் கருங்கல். பாரத்தால் வளைவதைத் தாங்குவதில் கல் மரத்தைவிடப் பலவீனமானது என்பதால், கல் உத்தரத்தை மர உத்தரம்போல் நீளமாகப் போடமுடியாது. தூண்களுக்கிடையே உள்ள தூரத்தைக் காலடியால் அளந்து, நாலுகெட்டில் பார்த்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.